வெளிநாட்டில் நீங்கள், சுங்கை சிப்புட்டில் உங்கள் வீடு: வாடகைக்கு விடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள், அதாவது வீடமைப்புப் பகுதிக்குள், நுழைந்தாலும் பூட்டிய வீடுகள் கண்ணில் படுகின்றன. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் முன்பணம் கட்டி, லயத்தைவிட்டு வெளியேறி வாங்கிய வீடுகள் அவை. பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் பெர்த்திலும் மெல்பர்னிலும் வேலை செய்கிறார்கள். படிவம் நிரப்பவும் கடிதம் எழுதவும் உதவி கேட்டு என்னிடம் வருபவர்களும், வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் மலேசியக் குடிமக்களின் குடியிருப்பு வீடுகளைப் பற்றியவை.

நான் நாட்டிலேயே இல்லை. வீட்டை வாடகைக்கு விட எனக்கு உரிமை இருக்கிறதா?

வீடு உங்கள் பெயரில் இருந்தால் உரிமை உண்டு. நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பது அந்த உரிமையைப் பாதிக்காது. ஆனால் நிலப்பட்டாவை, அதாவது நம்மவர்கள் 'கெரான்' என்று சொல்லும் பத்திரத்தை, ஒரு முறை முழுதாகப் படியுங்கள். 'செக்காத்தான் கெபெந்திஙான்' என்ற பகுதியில் நில உரிமைக்கான கட்டுப்பாடுகள் இருக்கும். குறைந்த விலை வீடுகளிலும், அரசுத் திட்டத்தின் வழி கிடைத்த வீடுகளிலும், மாநில அரசின் அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று எழுதியிருக்கலாம். வீட்டை ஒதுக்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தனி நிபந்தனைகளும் இருக்கலாம். அதையும் தேடி எடுங்கள்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு வேறு கதை. அப்பா முப்பது வருடம் வேலை செய்த தோட்டமாக இருந்தாலும் லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட யாருக்கும் உரிமை இல்லை.

வாடகைக்காரர் தொல்லையே வேண்டாம். பூட்டி வைத்துவிட்டால் என்ன?

தொல்லை வேறு வழியாக வரும். ஆள் புழங்காத வீட்டில் கரையான் கூரைச் சட்டம்வரை ஏறுவதற்கு அதிக காலம் பிடிக்காது. கூரைத் தண்ணீர்க் கால்வாயில் இலை அடைத்து மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதாரத் துறை அதிகாரிகள் கொசுப் புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளருக்கு அபராதம் விதிக்கலாம். 'நான் மெல்பர்னில் இருக்கிறேன்' என்பது அதற்குப் பதிலாகாது.

காப்புறுதிப் பத்திரத்தையும் பாருங்கள். வீடு தொடர்ந்து இத்தனை நாட்கள் ஆளில்லாமல் இருந்தால் திருட்டு, சேதம் போன்றவற்றுக்கான பாதுகாப்பு நின்றுவிடும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். குறைந்த வாடகைக்காவது ஒரு நல்ல குடும்பம் குடியிருப்பது வீட்டுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

என் சித்தப்பா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். சொந்தத்துக்குள் எதற்குக் காகிதம்?

சொந்தம் கெடாமல் இருக்கத்தான் காகிதம். சித்தப்பா நேர்மையானவர்தான், அதை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் சமையலறைக் குழாய் உடைந்தால் எவ்வளவுவரை உங்களைக் கேட்காமல் செலவு செய்யலாம்? வாடகை உங்கள் கணக்குக்கு வருமா, அவர் கைக்கு வருமா? வாடகைக்காரர் மூன்று நாள் தாமதித்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? இவற்றைப் பேசாமல் விட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணன் தம்பிகளை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் பணத்தைத் திருடியவர்கள் அல்லர். யாருக்கு எவ்வளவு என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பக்கக் கடிதம் போதும். பார்த்துக்கொள்பவரின் பெயர், அவர் செய்ய வேண்டிய வேலைகள், கேட்காமல் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை, ரசீதுகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு, மாதந்தோறும் அவருக்கு நீங்கள் கொடுக்கும் தொகை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சித்தப்பா வேண்டாம் என்பார், வற்புறுத்திக் கொடுங்கள். அவருடைய பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் மதிப்பு இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்பவரிடம் கணக்குக் கேட்பதும் உங்களுக்குக் கூச்சமாக இருக்காது.

சொந்தக்காரர் யாரும் ஊரில் இல்லை. ஏஜெண்டை நம்பலாமா?

பதிவு பெற்றவராக இருந்தால் நம்பலாம். சொத்து முகவர்களும் அவர்களிடம் பணிபுரியும் பேரப் பேச்சாளர்களும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணுள்ள அடையாள அட்டையைக் கேளுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்குப் பொதுவாக ஒரு மாத வாடகை அளவு கட்டணம் கேட்பார்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதும் அதன்பின் வீட்டைப் பராமரிப்பதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒருவரே செய்வார் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு வக்கீல் கட்டாயமா? எத்தனை வருடத்துக்கு எழுதலாம்?

வக்கீல் கட்டாயமில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் அதற்கு விலக்கு அளிக்கிறது. மூன்று ஆண்டைத் தாண்டினால் அது குத்தகையாகிவிடும், பதிவு செய்ய வேண்டும். ஆகவே ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ எழுதி, பிறகு புதுப்பித்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வாசகமே பெரும்பாலான தகராறுகளைத் தீர்மானிக்கிறது. கடையில் விற்கும் அச்சுப் படிவத்தை அப்படியே நிரப்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: குடியிருக்கப் போகும் அனைவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும், வாடகை தேதி, உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற விதி, எந்தப் பழுதை யார் சரிசெய்வது, ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாவிட்டால் இரட்டிப்பு வாடகை, முன்னறிவிப்புக் காலம், நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், உங்கள் சார்பாக நோட்டீஸ் கொடுக்கவும் வாங்கவும் உள்ளூரில் ஒருவர் பெயரும் முகவரியும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் காணொளி எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை வரி கட்டாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

வாடகைக்காரர் பணம் கொடுக்காத நாளில் உங்களுக்குத் தெரியும். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் முத்திரையிட வேண்டும். ஒப்பந்தம் வெளிநாட்டில் கையெழுத்தானால், அது மலேசியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்கள். தாமதித்தால் தண்டத் தொகை சேரும்.

தொகை மிகச் சிறியது. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. இப்போது ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், ஓர் ஆண்டு ஒப்பந்தமானால் 1 ரிங்கிட், ஓர் ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டுவரை 3 ரிங்கிட். மாத வாடகை 700 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 8,400. அதை 250ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 34. ஆக ஓர் ஆண்டுக்கு 34 ரிங்கிட், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு 102 ரிங்கிட். கூடுதல் நகலுக்கு 10 ரிங்கிட். 2026 ஜனவரி 1 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கான வரியை நாமே கணக்கிட்டு இணையத்தில் சமர்ப்பிக்கும் முறை வந்திருப்பதால், வெளிநாட்டில் இருந்தபடியே செய்துவிடலாம்.

எவ்வளவு டெபாசிட் வாங்கலாம்?

சட்டம் தொகை எதையும் விதிக்கவில்லை. வழக்கம்: இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்புத்தொகை, அரை மாத வாடகை மின்சார, தண்ணீர் வைப்புத்தொகை, இவற்றோடு முதல் மாத வாடகை. 700 ரிங்கிட் வீட்டுக்கு 2,450 ரிங்கிட் ஆகிறது. தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழும் இளம் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. நல்ல குடும்பமாகத் தெரிந்தால் வைப்புத்தொகையை இரண்டு தவணையாக வாங்குங்கள். தொகையைக் குறைக்க வேண்டாம். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். அவர்கள் வெளியேறும் நாளில் திருப்பிக் கொடுக்கப் பணமில்லாமல் இழுத்தடிப்பது பெரிய அநியாயம்.

அதிகாரப் பத்திரம் எழுதித் தரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. எல்லா அதிகாரங்களையும் அள்ளிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தால் வீட்டை விற்கவும் முடியும், அடமானம் வைக்கவும் முடியும். வீட்டை வாடகைக்கு விடுவதற்கு அத்தனை அதிகாரம் தேவையே இல்லை. ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்டு அனுப்ப முடியும் என்றால், மேலே சித்தப்பாவுக்காகச் சொன்ன ஒரு பக்கக் கடிதமே பெரும்பாலும் போதும்.

நீதிமன்றம், நில அலுவலகம், வங்கி என்று உங்கள் சார்பாக ஒருவர் போய் நிற்க வேண்டியிருந்தால் மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். வக்கீலிடம் சொல்லி, வாடகைக்கு விடுதல், வாடகை வசூலித்தல், வழக்குத் தொடுத்தல் ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் என்றும், 'விற்கவோ, பெயர் மாற்றவோ, அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை' என்றும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் நோட்டரி முன்னிலையிலோ மலேசியத் தூதரகத்திலோ கையெழுத்திட வேண்டும். மலேசியாவுக்கு வந்ததும் முத்திரையிட்டு உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். நமக்கு அருகில் ஈப்போ. பத்திரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. இதைக் கடைசிக் கேள்வியில் மீண்டும் பார்ப்போம்.

மூலப் பட்டாவை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை நில அலுவலகத்தில் பட்டாத் தேடல் செய்து, உங்கள் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரக் கணக்கு என் பெயரில் இருக்கட்டுமா, வாடகைக்காரர் பெயருக்கு மாற்றவா?

மாற்றுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் தெனாகா நேஷனல் பணம் கேட்கும். மீட்டரைத் திருத்தி மின்சாரம் திருடி கிரிப்டோ நாணயம் உருவாக்கும் இயந்திரங்களை வாடகை வீடுகளில் ஓட்டிய கும்பல்கள் நாடெங்கும் பிடிபட்டிருக்கின்றன. ஆள் ஓடிப்போன பிறகு பெரும் தொகைக்கான பாக்கிக் கடிதம் வீட்டு உரிமையாளருக்கு வருகிறது. ஒருவர் வீட்டைப் பார்க்காமலேயே ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கொடுக்கிறேன் என்றால், அதிர்ஷ்டம் என்று எண்ணாமல் விசாரியுங்கள். சித்தப்பாவை மாதம் ஒரு முறை மீட்டரின் முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கும் இதே முறைதான். கழிவுநீருக்கான இண்டா வாட்டர் கட்டணம் மட்டும் பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. அதைக் கட்டுவது யார் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வீட்டு வரிகளை யார் கட்ட வேண்டும்?

நீங்கள். நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரி, நம்மவர்கள் சொல்லும் 'சுக்காய் பிந்து', ஆண்டுக்கு இரு முறை: பிப்ரவரி இறுதிக்குள், ஆகஸ்ட் இறுதிக்குள். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. நில வரி பேராக்கில் மே 31க்குள். நில வரியை அலட்சியம் செய்யாதீர்கள். தொடர்ந்து கட்டாத நிலத்தை நோட்டீஸ் கொடுத்த பிறகு மாநில அரசு பறிமுதல் செய்யத் தேசிய நிலச் சட்டம் இடம் தருகிறது. பட்டாவில் உள்ள முகவரி பழைய தோட்ட முகவரியாக இருந்தால் நோட்டீஸ் அங்கேதான் போகும். முதலில் அதை மாற்றுங்கள்.

சாமி அறையை என்ன செய்வது? வேற்று மதத்தவர் வந்தால்?

அம்மாவின் படங்களையும் குத்துவிளக்கையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அல்லது அக்கா வீட்டுக்கு அனுப்புங்கள். 'அந்த அறையை மட்டும் பூட்டி வைக்கிறோம்' என்று பலர் சொல்கிறார்கள். முடிந்தவரை வேண்டாம். பூட்டிய அறையில் கசிவு ஏற்பட்டாலும் கரையான் வந்தாலும் யாருக்கும் தெரியாது. முழு வாடகை கொடுப்பவருக்கு முழு வீடும் கிடைக்க வேண்டும். வாசலில் உள்ள துளசி மாடத்தை அவர்கள் பராமரிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள்.

நம் ஆட்களுக்குக் கொடுத்தால் வாடகை வராது என்று எல்லாரும் சொல்கிறார்களே?

இந்தக் கேள்வியை நம்மவர்களே என்னிடம் கேட்கும்போது மனம் வலிக்கிறது. 'இந்தியர்களுக்கு இல்லை' என்ற விளம்பரங்களைப் பார்த்துக் கொதிப்பவர்கள் நாம். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வீடு தேடி அலைந்த நம் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் தெரியும். அதே வாசகத்தை நம் வாயால் சொல்லலாமா?

வாடகை வருமா என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லும். கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தொழிலாளர் சேமநிதி அறிக்கை, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேளுங்கள். வருகிற எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். வாடகை அவர்களின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் குடும்பம் திணறும். இனம் இதில் எதையும் சொல்லாது.

ஒரு தொழிற்சாலை பன்னிரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வீட்டைக் கேட்கிறது. வாடகை அதிகம். கொடுக்கலாமா?

நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தால் மட்டும், அதுவும் எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்த பிறகு. தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 446ஆவது சட்டம் 1990இல் வந்தது. தோட்டத் தொழிலாளர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம், 2020 ஜூனில் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. முதலாளி தொழிலாளர் துறையிடமிருந்து தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். மீறினால் 50,000 ரிங்கிட்வரை அபராதம். சாதாரண வீட்டில் தூங்குமிடம் ஒருவருக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் இருக்க வேண்டும். மூன்று அறை தாமான் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு அந்த அளவு கிடைப்பது கடினம். சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் சாவி கொடுக்காதீர்கள்.

ஆவணமில்லாதவர்கள் தங்கியிருந்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55E பிரிவு வீட்டை வைத்திருப்பவர்மீது பாயும்: ஒவ்வோர் ஆளுக்கும் 5,000 முதல் 30,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். நான் இதைச் சொல்வது அந்தத் தொழிலாளர்களுக்கு வீடு மறுக்க அல்ல. ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்து வாழ்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். நம் வீட்டில் தங்குபவர் மனிதருக்குரிய இடத்தோடு தங்க வேண்டும்.

வெளிநாட்டில் வரி கட்டுகிறேன். மலேசியாவில் எதற்கு மறுபடியும்?

வீடு மலேசியாவில் இருப்பதால் அதன் வாடகை மலேசிய வருமானம். நீங்கள் எங்கிருந்தாலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் வரி நோக்கில் 'வசிப்பவரா' என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ மலேசியாவில் இருந்தால் பொதுவாக வசிப்பவர். குடியுரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீல அடையாள அட்டை வைத்திருக்கும் மலேசியர் பெர்த்தில் ஆண்டு முழுதும் இருந்தால், வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் வசிக்காதவர்.

இங்கேதான் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். வசிப்பவருக்குப் படிப்படியான விகிதமும் 9,000 ரிங்கிட் தனிநபர் கழிவும் உண்டு. வசிக்காதவருக்கு அந்தத் தனிநபர் கழிவு இல்லை, வாடகைக்கான செலவுகளை மட்டும் கழிக்கலாம். 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நேராக 30 விழுக்காடு. ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டு வாடகை 8,400. வீட்டுக் கடன் வட்டி 3,000, இரு வரிகளும் 400, தீக் காப்புறுதி 200, பழுதுபார்ப்பு 800 என மொத்தம் 4,400 கழிகிறது. மீதம் 4,000. அதில் 30 விழுக்காடு, 1,200 ரிங்கிட் வரி. இதே 4,000 மட்டுமே வருமானமாக உள்ள வசிப்பவர் வரியே கட்ட வேண்டியிருக்காது. வாடகையை நிர்ணயிக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடனின் அசல் தொகையைக் கழிக்க முடியாது, வட்டியை மட்டும்தான். முதல் வாடகைக்காரரைப் பிடிக்க ஆன முகவர் கட்டணம், முதல் ஒப்பந்தச் செலவு ஆகியவை கழியாது. புதுப்பிக்கும் செலவு கழியும். உடைந்த கூரை ஓட்டை மாற்றுவது பழுதுபார்ப்பு. புதிதாக ஓர் அறை கட்டுவது மூலதனம், அதைக் கழிக்க முடியாது. வசிக்காதவருக்கான 'எம்' (M) படிவத்தை, வணிக வருமானம் இல்லாதவர்கள் ஏப்ரல் 30க்குள் அளிக்க வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். வரிப் பாக்கி உள்ளவர் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அப்படியானால் இரண்டு நாட்டிலும் வரியா?

நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூரில் வசிக்கும் தனிநபருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய வருமானத்துக்கு அங்கே வரி இல்லை. ஆஸ்திரேலியாவில் வரி நோக்கில் வசிப்பவர் உலகெங்கும் ஈட்டும் வருமானத்தைக் காட்ட வேண்டும். மலேசியாவில் கட்டிய வரியை அங்கே ஈடு கேட்கலாம். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அங்கே பொதுவாக வெளிநாட்டு வாடகைக்கு விலக்கு இருக்கிறது. நிரந்தர வாசத் தகுதி கிடைத்ததும் அது போய்விடும். ஆஸ்திரேலிய வரி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால் மாத வாரியாகக் கணக்கு எழுதுங்கள்.

மூன்று மாதமாக வாடகை இல்லை. தம்பியை அனுப்பிப் பூட்டை மாற்றச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகைக்காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியேதான் வெளியேற்ற வேண்டும். பூட்டை மாற்றினால், மின்சாரத்தை வெட்டினால், சாமான்களை வெளியே வைத்தால், வாடகை கொடுக்காதவர் உங்கள்மீது வழக்குப் போடும் நிலை வரும். மாட்டிக்கொள்வது உங்கள் தம்பி.

முதலில் பேசச் சொல்லுங்கள். வேலை போயிருந்தால், இருக்கும் பாக்கியைத் தவணையாகப் பிரித்து எழுதி இருவரும் கையெழுத்திடலாம். அது பலிக்காவிட்டால் எழுத்து மூலம் நோட்டீஸ். அதன் பிறகு இரண்டு வழிகள். 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி, பன்னிரண்டு மாதம்வரையிலான வாடகைப் பாக்கிக்கு அவர்களுடைய பொருள்களைக் கைப்பற்ற நீதிமன்ற ஆணை கேட்கலாம். வீட்டைத் திரும்பப் பெற வேண்டுமானால் தனி வழக்குத் தொடுக்க வேண்டும். வீட்டுக்காரர், வாடகைக்காரர் வழக்குகளைத் தொகை வரம்பின்றி விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு உண்டு. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவு, காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க இடம் தருகிறது. இவை எல்லாவற்றுக்கும் முத்திரையிட்ட ஒப்பந்தம் வேண்டும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

மாமா குடும்பம் இலவசமாகக் குடியிருக்கிறது. பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே என்கிறார்களே?

உண்மை இல்லை. பதிவு செய்யப்பட்ட நிலத்தை எவ்வளவு காலம் ஒருவர் அனுபவித்தாலும், உரிமையாளர் அதை மீட்க வழக்குத் தொடுப்பதைத் தடுக்க முடியாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பொய்ப் பயத்தால் மாமாவைத் திடீரென்று வெளியேற்றியவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லாத உறவுப் பிரிவு அது.

ஆனால் மாமா கூரை மாற்றினார், சமையலறையை நீட்டினார் என்றால் பிறகு அந்தச் செலவைக் கேட்பார், அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள்: வீடு யாருடையது, மாமா உரிமையாளரின் அனுமதியால் வாடகையின்றி இருக்கிறார், கட்டுமான வேலைக்கு முன் எழுத்து மூலம் சம்மதம் வேண்டும், வீடு தேவைப்பட்டால் எத்தனை மாத முன்னறிவிப்பு. நேரில் உட்கார்ந்து, மரியாதையோடு படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தொலைபேசியில் இதைச் சொல்லாதீர்கள்.

வீடு இன்னும் அப்பா பெயரில்தான். அப்பா இறந்துவிட்டார், நாங்கள் நான்கு பேரும் வெளிநாட்டில். அம்மா வாடகை வாங்குகிறார். பரவாயில்லையா?

இது இந்த ஊரின் மிகப் பொதுவான சிக்கல். அப்பா உயிரோடு இருந்தபோது அண்ணனுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் அப்பாவோடு முடிந்துவிட்டது. அதை வைத்து இன்று யாராவது ஒப்பந்தம் போட்டால் செல்லாது. வாடகைப் பணம் அப்பாவின் சொத்தைச் சேர்ந்தது. அதை வசூலிக்கவும் வழக்காடவும் நிர்வாகி ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். வாடகைக்காரர் ஒழுங்காகக் கொடுக்கும்வரை குறை எதுவும் தெரியாது. அவர் நிறுத்திய அன்று, வழக்குப் போடத் தகுதியுள்ள ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கு, அம்மாவுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகளின் பங்கில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. 'தங்கச்சிக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டோமே' என்பது சட்டத்தில் எடுபடாது, எடுபடவும் கூடாது.

ஒரே வீடுதான் சொத்து, உயில் இல்லை என்றால் பெரும்பாலும் உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நில அலுவலகத்தில் உள்ள சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவிலேயே மனுச் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பட்டா நகல் ஆகியவை தேவை. தோட்டத்தில் பிறந்த மூத்தவர்களின் சான்றிதழ்களில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருப்பது வழக்கம். அதற்குச் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதித் தயாராக வையுங்கள். விசாரணைக்கு வர முடியாத வாரிசுகள் சம்மதப் படிவத்தை முறைப்படி கையெழுத்திட்டு அனுப்பலாம். நான்கு பேரும் பேசி ஒருமித்த முடிவோடு மனுச் செய்யுங்கள். அம்மா இருக்கும்போதே செய்யுங்கள். அம்மாவும் போய்விட்டால் இரண்டு சொத்துகளைத் தனித்தனியே தீர்க்க வேண்டிவரும்.